அது ஆப்கானி மொழி இல்ல ஐயா, பஷ்தோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து எழுதுறேன். போன ஞாயித்துக்கிழம பேப்பர்ல விளையாட்டுப் பக்கத்துல ஆப்கானிஸ்தான் டீம பத்தி அரைப் பக்கம் போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அதுல ரெண்டு எடத்துல ஆட்டக்காரங்க ஆப்கானி மொழியில பேசிக்கிட்டாங்கன்னும் இன்னொரு எடத்துல அது அரபு மொழியோட ஒரு கிளைன்னும் இருந்துச்சு. அத வாசிச்சிட்டு சும்மா இருக்க முடியல, போன்லயே தட்டுறேன். பிழை இருந்தா திருத்திக்கோங்க, நீளமா இருந்தா வெட்டிக்கோங்க, அந்த மொழியோட பேர மட்டும் வெட்டிடாதீங்க.

ஆப்கானின்னா அங்கத்த காசு ஐயா. நமக்கு ரூவா மாதிரி. இலங்கைக்காரங்க ரெண்டு பேரு ரூவாவுல பேசிக்கிட்டாங்கன்னு எவனாவது எழுதுனா நாம எப்புடி சிரிப்போம். அந்த மொழிக்கு பேரு பஷ்தோ, பேசுறவங்க பஷ்தூன். ஆப்கானிஸ்தான்ல பஷ்தோவும் இருக்கு, தாரின்னு சொல்ற பாரசீகமும் இருக்கு, 1964ல போட்ட அரசியல் சட்டத்துலயே ரெண்டுக்கும் எடம் குடுத்திருக்காங்க. கிரிக்கெட் டீம்ல நெறைய பேருக்கு வீட்டு மொழி பஷ்தோதான். இன்னொன்னு, ஆப்கானிஸ்தான விட பாகிஸ்தான்லதான் பஷ்தோக்காரங்க கூட. 2023ல எடுத்த சென்சஸ்ல பாகிஸ்தான்ல 100 பேருல 18 பேருக்கு தாய்மொழி அதுதான், பெஷாவர், ஸ்வாத், குவெட்டா பக்கம், அப்புறம் பொழப்பு தேடி வந்து கராச்சில லட்சக்கணக்குல. ரெண்டு நாட்டையும் சேத்தா 4 கோடிக்கு மேல. அவ்வளவு பேரு பேசுற ஒன்ன பேரில்லாம எழுதலாமா.

இவனுக்கு எப்புடி இதெல்லாம் தெரியும்னு கேப்பீங்க. நான் படிச்சு தெரிஞ்சவன் இல்ல. ஷார்ஜால ஏழு வருஷம் தண்ணி பவுசர்ல ஹெல்ப்பரா இருந்தேன், டிரைவர் பாகிஸ்தான்ல பஜவுர்லருந்து வந்த ஒரு பஷ்தூன் ஆளு, என்னய விட பத்துப் பன்னெண்டு வயசு மூத்தவரு. கேம்ப்ல எல்லாரும் அவர லாலான்னுதான் கூப்புடுவோம், லாலான்னா அண்ணன். ரூம்ல எட்டுப் பேரு, கட்டில் மேல கட்டில், என் கட்டிலுக்கு கீழ லாலா, எதிர்த்தாப்ல கந்தஹார்க்காரர் ஒருத்தரு. வேலைக்கு உருது, ரூமுக்குள்ள பஷ்தோ. மொத ஆறு மாசம் எனக்கு எல்லாமே ஒரே சத்தமாத்தான் கேட்டுச்சு.

மொதல்ல படிச்சது ஒரு வணக்கம். வேலை முடிஞ்சு வாறவன், வெயில்ல நடந்து வாறவன், சுமை தூக்கி வாறவன் யாரப் பாத்தாலும் "ஸ்தடை ம ஷே"ன்னு சொல்லுவாங்க. அர்த்தம் என்னன்னா களைச்சுப் போகாதே. வணக்கம் இல்ல, நல்லா இருக்கியா இல்ல, களைச்சுப் போகாதே! அதுக்கு பதிலு "க்வார் ம ஷே", அதாவது நீ ஏழையாப் போகாதே, சீரழியாதே. நான் கொழுந்துக் கூடை சுமந்து மலையேறுன பொம்பளைக்குப் பொறந்தவன், அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த மொழி எனக்கு புடிச்சுப் போச்சு. நமக்கு இவ்வளவு நல்ல தமிழ் இருந்தும் பிரட்டுக்களத்துல, அதான் வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துல, காலைல கேக்குறது என்ன வார்த்தைன்னு உங்களுக்கும் தெரியும்.

ஊருக்கு வந்த பொறவு 2024 பெப்ரவரி 9ஆம் திகதி பல்லேகலைக்கு மேட்ச் பாக்க அக்கா மகன கூட்டிப் போனேன். பத்தும் நிஸ்ஸங்க 210 அடிச்சு அவுட் ஆகாம நின்ன மேட்ச், இலங்கைக்காரன் ஒருத்தன் வன்டேல இருநூறு அடிச்சது அதுதான் மொத தடவ, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அவரு நூத்தம்பது தாண்டி எல்லாப் பக்கமும் விளாசிக்கிட்டு இருக்கையில எங்க பக்கம் பவுண்டரி லைன்ல நின்ன ஆப்கான் பையன் ஓடி ஓடி நொந்து போயிட்டான், பாவம். எனக்கு வாய் சும்மா இருக்கல, கம்பிக்கிட்ட போயி "ஸ்தடை ம ஷே"ன்னு கத்துனேன். சடார்னு திரும்பிப் பாத்தான். ஒரு நிமிஷம் முழிச்சான், பொறவு பல்லு தெரிய சிரிச்சிட்டு நெஞ்சுல கைய வச்சு பதில் சொன்னான். பக்கத்துல இருந்தவரு எங்கிட்ட அண்ணே நீங்க அரபி பேசுவீங்களான்னு கேட்டாரு. பாருங்க, உங்க பேப்பர் மட்டும் இல்ல, எல்லாரும் அப்புடித்தான். (அன்னைக்கு 55க்கு 5 விக்கெட் போயும் நபியும் ஒமர்ஸாயும் நின்னு ஆளுக்கொரு செஞ்சுரி அடிச்சு 339 வரைக்கும் கொண்டு போனதும் சொல்ல வேணும், நம்ம ஜெயிச்சது 42 ரன்லதான்.)

அரபு இல்லன்னு எப்புடி கண்டுபுடிக்கிறது? எழுத்து அரபு மாதிரி வலதுலருந்து இடதுக்கு ஓடும், அதுனாலதான் எல்லாரும் ஏமாறுறது. ஆனா அரபுக்காரனுக்கு நம்ம ட வராது, ண வராது. பஷ்தோல ரெண்டும் இருக்கு. கந்தஹார்க்காரர் ஒருநாள் பிஸ்கட் பெட்டிய கிழிச்சு அந்த அட்டைல எழுதிக் காட்டுனாரு, த எழுத்த எழுதி அதுக்கு அடியில குட்டியா ஒரு வளையம் போட்டா ட ஆயிடும், ந எழுத்துல ஒரு வளையம் போட்டா ண. உருதுல ட வேணும்னா எழுத்துக்குத் தலைக்கு மேல ஒன்ன வைப்பாங்க, இங்க வளையம். நீங்க ஏதாச்சும் படம் போடையில அதுல போர்டு இருந்தா எழுத்துல சின்ன வளையம் தொங்குதான்னு பாருங்க, தொங்குனா பஷ்தோ.

எலைக்கு அவங்க சொல்றது பாணா, நல்ல அழுத்தமான ண போட்டு. நமக்கு பாண்னா பேக்கரி சாமான். அவங்களுக்கு ரொட்டி டோடை. அம்மாவுக்கு மோர்! எங்கம்மா பேச போன் எடுத்தா லாலா "உன் மோர் எப்புடி"ன்னு கேப்பாரு, நான் சட்டிய தேடுவேன். ஆனா எல்லா வார்த்தையும் நம்ம வாய்க்கு வராது. ஆறுக்கு ஷ்பக், அண்ணன் தம்பிக்கு வ்ரோர், எனக்கு சொந்தம்னா ஸ்மா, மொத எழுத்துலயே ரெண்டு மெய் முட்டிக்கிட்டு நிக்கும். ஸ்கூல இஸ்கூல்னு சொல்லி வளந்த நாக்கு இது, நானும் இஷ்பக் இஷ்பக்னே சொல்லி ரூமே சிரிக்கும்.

இன்னொரு கூத்து. லாலா தன் மொழிய பஷ்தோன்னு சொல்லவே மாட்டாரு, புக்தோம்பாரு. கந்தஹார்க்காரர் பஷ்தோம்பாரு. எழுதுறப்போ ரெண்டுக்கும் அதே ஒரு எழுத்துதான், தெக்க இருக்குறவங்க அத ஷன்னு சொல்றாங்க, வடக்க பெஷாவர் பக்கம் தொண்டைல இருந்து க்ஹன்னு சொல்றாங்க. நல்லதுங்கிற வார்த்தை ஒருத்தர் வாயில ஷெ, இன்னொருத்தர் வாயில க்ஹெ. ரெண்டு பேரும் எது சரின்னு ராத்திரி லைட்ட அணைச்ச பொறவும் இழுத்துக்கிட்டு இருப்பாங்க. நமக்கு ழ இல்லையா, பழம்னு எழுதிட்டு ஒருத்தன் பளம்னு சொல்றான் இன்னொருத்தன் பயம்னு சொல்றான், எழுத்து ஒன்னுதான். அதே சங்கதி. நீங்க பஷ்தோன்னு போட்டாலும் புக்தோன்னு போட்டாலும் சண்டைக்கு வர மாட்டேன், ஆப்கானின்னு போடாதீங்க அவ்வளவுதான்.

குடும்பம் பாத்தா பஷ்தோ பாரசீகம், குர்து, பலூச்சிக்கெல்லாம் பங்காளி, ஈரானிய மொழி. அந்த வழில தூரமாப் போனா சிங்களத்துக்கும் ஒன்னுவிட்ட சொந்தம் வருது. அரபு வேற வீடு, தமிழ் வேற வீடு. அவங்க பத்துக்கு சொல்றது லஸ். நாம தசாவதாரம்னு சொல்றோமே அந்த தச, சிங்களத்துல தஹய, அந்த த பஷ்தோல ல ஆயிடுச்சு, அதான் லஸ். அப்பாவுக்கு ப்லார், மகளுக்கு லூர், இதுலயும் அதே வேலைதான் நடந்திருக்கு. தன் வீட்டுக்குப் பக்கத்துல தமிழுக்கு சொந்தம் ஒன்னு இருக்குன்னு குவெட்டாக்காரன் ஒருத்தன் சொல்லித்தான் தெரியும், பிராகுயின்னு பேரு, பலூச்சிஸ்தான்ல கலாத் பக்கம் பேசுறாங்க. அவங்களுக்கு ரெண்டுன்னா இராட், மூணுன்னா முசிட். இராட்! நம்ம ஆளு ஒருத்தரு அவ்வளவு தூரத்துல பஷ்தோக்காரங்களுக்கு அடுத்த வீட்ல இருக்காரு.

இலக்கணம் சொல்லி வாசகர்கள விரட்டக் கூடாது, ஆனா ஒன்னே ஒன்ன சொல்லிடுறேன். நம்மள மாதிரியே அவங்களும் வினைய கடைசிலதான் வைப்பாங்க. "ஸெ டோடை க்வரம்"னா நான் ரொட்டி சாப்புடுறேன், க்வரம்ல இருக்குற கடைசி ம்தான் நான், நம்ம சாப்புடுறேன்ல இருக்குற ஏன் மாதிரி. இது வரைக்கும் சுகம். நேத்து சாப்புட்டத சொல்ல வேணும்னா கதையே மாறிடும், "மா டோடை உக்வட". இப்ப வினை என்னய கண்டுக்கவே இல்ல, ரொட்டிக்கு ஏத்த மாதிரி மாறி நிக்குது, அதுவும் ரொட்டி அவங்களுக்கு பொம்பளை, அதுனால வினையும் பொம்பளைக்கு ஏத்தாப்ல. சாப்புட்டது நான், மரியாதை ரொட்டிக்கு. எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு இது வர. தண்ணி இன்னும் மோசம், தண்ணிக்கு ஓபெ, அது எப்பவும் பன்மை, ஒரு டம்ளர் தண்ணியா இருந்தாலும் குளிரா இருக்காங்கன்னுதான் சொல்லணும். தண்ணி பவுசர்ல வேலை, தெனம் இந்த பிழைய விட்டேன்.

லீவுக்கு வந்துட்டு போகையில லாலாவுக்கு ரெண்டு கிலோ பிஓபி தேயிலை கொண்டு போனேன். அவங்க பக்கம் பச்சைத் தேயிலைதான் அதிகம், ஏலக்காய் தட்டிப் போட்டு, குட்டி குட்டி கோப்பைல, சோத்துக்குப் பொறவு கட்டாயம். அதுக்கு ஷின் சாய்னு பேரு, நம்ம பிளேன்டீ மாதிரி கறுப்புக்கு தோர் சாய். லாலா என் தேயிலைய மோந்து பாத்துட்டு உங்கம்மா பறிச்சதான்னு கேட்டாரு. ஃபேக்டரிக்குள்ள போனா யாரு கொழுந்துன்னு யாருக்குத் தெரியும், ஆனாலும் ஆமான்னேன். அன்னைக்கு அத பால்ல போட்டு அரை மணி நேரம் காச்சி கொன்னுட்டாரு, அது வேற விஷயம். போன்ல தோட்டத்துப் படம் காட்டுனா மலையையும் ஷின்ம்பாரு, மேல வானத்தையும் ஷின்ம்பாரு. பச்சைக்கும் நீலத்துக்கும் அவங்களுக்கு ஒரே வார்த்தைதான்.

இந்த பேரு விஷயத்துல நான் ஏன் இவ்வளவு சூடாகுறேன்னா காரணம் இருக்கு. எங்க தாத்தா காலத்துல மலைநாட்டுல வட்டிக்குக் காசு குடுக்க பெரிய தலைப்பா கட்டின ஆளுங்க வருவாங்களாம். பட்டாணிக்காரன்னும் பாய்னும் சொல்லுவாங்க, தமிழ்நாட்டுல ஈட்டிக்காரன்னு சொல்றதும் அவங்களத்தான். சம்பள நாளுல கையில தடியோட லயத்து முன்னாடி வந்து நின்னா ஆம்பளைங்க எல்லாம் பின்பக்கமா தேயிலைக்குள்ள போயிடுவாங்கன்னு தாத்தா சொல்லிச் சிரிப்பாரு. இன்னைக்கும் கடன் கேட்டு வாசல்ல நிக்கிறவன ஈட்டிக்காரன் மாதிரின்னு சொல்றோம். பட்டாணிங்கிறது பதான்கிறதுல இருந்து வந்தது, பதான்னு வச்சதும் இந்தியப் பக்கத்து ஆளுங்கதான், அவங்க தனக்கு வச்சுக்கிட்ட பேரு பஷ்தூன் இல்லாட்டி பக்தூன். அடுத்தவன் வச்ச பேர சுமக்குறது எப்புடின்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேணாம். 2012 சென்சஸ்ல கூட நம்மள இந்தியத் தமிழர்னுதான் போட்டாங்க, டவுன்ல தோட்டக்காட்டான்னாங்க, மலையகத் தமிழர்னு சொல்ல வைக்க எத்தன வருஷம் ஆச்சு.

கோடு போட்டு பிரிச்ச கதையும் உண்டு. 1893ல வெள்ளக்காரத் தொர டியூரண்டும் காபூல் அமீர் அப்துர் ரஹ்மானும் சேந்து ஒரு கோடு போட்டாங்க, 2,600 கிலோமீட்டர் கிட்ட வரும், அது பஷ்தூன் ஊருங்க நடுவுல ஓடுது. லாலா இந்தப் பக்கம் பஜவுர்ல, அவரோட தாய்மாமன் வீடு அந்தப் பக்கம் குனார்ல. கல்யாணம் சாவுன்னா முன்னாடி நடந்தே போவோம் இப்ப வேலி போட்டுட்டான்னு சொல்லுவாரு. நான் அவருக்கு நம்ம ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்புன 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்த சொன்னேன், பாட்டியோட கூடப் பொறந்தவரு அதுல போனது, தலைமன்னார் வரைக்கும் ஒப்பாரிக் கோச்சில அழுதுக்கிட்டே போனது, இப்ப அவரு பேரப்புள்ளைங்க கோத்தகிரில தேயிலை பறிக்கிறது. கோச்சின்னதும் லாலா குழம்பிட்டாரு. அவங்க ஊருல ஆட்டையும் ஒட்டகத்தையும் ஓட்டிக்கிட்டு குடும்பத்தோட எடம் மாறிப் போற நாடோடிங்கள கோச்சின்னுதான் சொல்லுவாங்களாம், முக்காவாசி பஷ்தூன் ஆளுங்கதான். ஏன் அழுதாங்க, ஆடு செத்துருச்சான்னு கேட்டாரு. ரயில்னு புரிய வைக்க நேரம் ஆச்சு.

பாட்டு பத்தி சொல்லாம விட்டா பாவம். அவங்க பொம்பளைங்க பாடுற ரெண்டே வரிப் பாட்டு ஒன்னு இருக்கு, லண்டை. மொத வரில 9 அசை, ரெண்டாவது வரில 13, அதோட முடிஞ்சுது. லண்டைன்னா குட்டை, குட்டையான விஷப் பாம்புக்கும் அதே பேரு, ஏன்னு பாட்டு கேட்டா தெரியும், கடிச்சிட்டு ஓடிடும். யாரு கட்டுனதுன்னு கேக்கக் கூடாது, எல்லாம் தண்ணி எடுக்கப் போன எடத்துல, கல்யாண வீட்ல, பேர் சொல்லாத பொம்பளைங்க கட்டுனது. வெளிநாடு போன புருஷன், கெழவனுக்குக் கட்டி வச்ச அப்பன், செத்துப் போன அண்ணன், எல்லாத்தையும் அதுக்குள்ள அடக்கிடுறாங்க. எங்க பாட்டிங்க மலைல கொழுந்து எடுத்துக்கிட்டே கங்காணிய திட்டியும் காணாமப் போனவன நெனச்சும் பாடுனதும் இந்த ரகந்தான். 1880ல மைவாண்ட்ல வெள்ளக்காரனோட நடந்த சண்டைல மலாலைங்கிற பொண்ணு லண்டை பாடித்தான் ஓடப் பாத்த ஆம்பளைங்கள திருப்பி நிறுத்துச்சுன்னு சொல்லுவாங்க. 2014ல நோபல் வாங்குன ஸ்வாத் பொண்ணு மலாலாவுக்கு அந்தப் பேரத்தான் வச்சாங்க. அவங்களுக்கும் வீட்டு மொழி பஷ்தோ, உங்க பேப்பர்லயும் எத்தனையோ தடவ அவங்க படம் வந்திருக்கு, மொழி பேரு வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல.

லாலாவுக்கு ரஹ்மான் பாபாவோட பாட்டு மனப்பாடமா நூறாச்சும் தெரியும், 300 வருஷத்துக்கு முன்னாடி இருந்த சூஃபி கவிஞர், நமக்கு சித்தர் பாட்டு மாதிரி. 2009ல பெஷாவர் பக்கத்துல இருக்குற அவரு சமாதிக்கே குண்டு வச்சாங்க, அத சொல்றப்ப லாலா கண்ணு கலங்கிடும். ஆனா லாலாவுக்கு தன் மொழில ஒரு வரி எழுத வராது. அவரு படிச்சது உருதுல. அங்க நெறைய புள்ளைங்க வீட்ல பஷ்தோ பேசிட்டு பள்ளிக்கூடத்துல உருதும் இங்கிலீசும்தான் படிக்குதுங்க. இத கேட்டப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நம்ம தோட்டப் பள்ளிக்கூடம் ஓட்டை ஒடிசல்தான், ஒரே ஹோல்ல அஞ்சு கிளாஸ்தான், ஆனாலும் அ ஆ தமிழ்ல படிச்சோமே. இப்பவும் லாலா எனக்கு வொய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவாரு, எழுத மாட்டாரு.

பஷ்தோன்னாலே தலிபான்னு நெனைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. தலிபான்ல பஷ்தூன்காரங்க அதிகம்தான், இல்லன்னு சொல்லல, 2021க்குப் பொறவு பொம்பளைப் புள்ளைங்கள ஆறாம் வகுப்போட நிறுத்தி வச்சதையும் யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனா அதே மொழி பேசுனவருதான் நம்ம பெரியவங்க எல்லைக் காந்தின்னு படிச்ச அப்துல் கஃபார் கான். 1929ல குதாயி கித்மத்கார்னு செவப்புச் சட்டைப் படை கட்டி கையில துப்பாக்கி இல்லாம வெள்ளக்காரன எதுத்தாரு, 1930 ஏப்ரல்ல பெஷாவர் கிஸ்ஸா குவானி பஜார்ல வெள்ளக்காரன் சுட்டப்போவும் அவரு ஆளுங்க ஓடாம நின்னாங்க. 1928லயே பஷ்தோல ஒரு பத்திரிகையும் நடத்துனாரு. 1988ல செத்தப்போ கோட்டுக்கு அந்தப் பக்கம் ஜலாலாபாத்லதான் பொதைக்கச் சொல்லியிருந்தாரு, பொதைச்சாங்க. அவங்க பேச்சுல பஷ்தோ பேசுறதுன்னும் உண்டு, பஷ்தோ செய்றதுன்னும் உண்டு. வீடு தேடி வந்தவனுக்கு சோறு போட்டா, குடுத்த வாக்க காப்பாத்துனா அவன் பஷ்தோ செஞ்சான்னு சொல்லுவாங்க. எனக்கு மஞ்சக் காமாலை வந்து கெடந்தப்போ லாலா லீவு போட்டு மூணு நாளு கஞ்சி காச்சி ஊத்துனாரு, காசு குடுக்கப் போனப்போ முறைச்சிட்டு அந்த வார்த்தையத்தான் சொன்னாரு.

அதுனால ஐயா, அடுத்த தடவ ஆப்கான் டீம் பல்லேகலைக்கோ தம்புள்ளைக்கோ வந்தா பஷ்தோன்னே போடுங்க. முடிஞ்சா ஞாயிறு மலர்ல லண்டை பத்தி தெரிஞ்சவங்க யாரையாச்சும் புடிச்சு ஒரு பக்கம் எழுத வைங்க.

இப்படிக்கு,
ஷார்ஜாலருந்து திரும்பி வந்த ஒரு வாசகன்,
மஸ்கெலியா.

பி.கு: ஆம்பளைக்குத்தான் ஸ்தடை, பொம்பளைக்கு ஸ்தடே ம ஷேன்னு சொல்லணும், மறந்துட்டேன் மேல எழுத. நேத்து அம்மா வெறகு தூக்கி வந்தப்போ அப்புடித்தான் சொன்னேன். என்னடா ஒளர்ற, மொதல்ல இந்தக் கட்ட எறக்கி வையின்னுச்சு.